கடிக்கும் நாய்களுக்கு யார் பணம் தருவார்கள்?

வணக்கம். கடித்ததாலும் மிரண்டதாலும் கைவிடப்பட்ட 12 நாய்களை வைத்திருக்கிறீர்கள். குட்டிகளின் படம் போடும் காப்பகங்களுக்கே நன்கொடை போகிறது என்று வருந்தியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள்.

காப்பகத்துக்காகக் கேட்காதீர்கள், ஒரு நாய்க்காகக் கேளுங்கள். நாங்கள் வளர்த்த ஒரு நாய் துடைப்பத்தைக் கண்டாலே சிறுநீர் கழித்துவிடும். ஆறு வாரம் தினமும் அதன் பக்கத்தில், முகம் பார்க்காமல் உட்கார்ந்தோம். ஒருநாள் உள்ளங்கையிலிருந்து சோறு தின்றது. நடுங்கும் கையோடு எடுத்த அந்த வீடியோவுக்கு வந்த பணம், அதுவரை அச்சடித்த நோட்டீஸ்கள் எதற்கும் வரவில்லை. கடித்த வரலாற்றை மட்டும் மறைக்காதீர்கள். தெரிந்து தருபவர்தான் மாதாமாதம் தருவார்.

நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு பெற்றுத்தரும் 80ஜி பதிவு இருக்கிறதா? இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக் கழிவு கிடையாது. வங்கி வழியே வாங்குங்கள். நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி விலங்கு நலனுக்கும் உண்டு, அதற்கு உங்கள் அமைப்பைப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம் தேவை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியின்றி ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

முதலில் எந்த நாயைப் பற்றி எழுதப்போகிறீர்கள்? சொல்லுங்கள், வேண்டுகோளை எழுத உதவுகிறேன்.