கொழும்பில் சேஜ் வளர்ப்பு: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி பல்கனியில் பல வருடமாக சேஜ் (sage) என்ற சமையல் மூலிகையை வளர்க்கிறேன். கன்று வைத்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நுவரெலியாவிலிருந்து கொண்டு வந்த கன்று மூன்று வாரத்தில் கறுத்துப் போச்சு. கொழும்பு வெயில் கூடிப் போச்சோ? (தெகிவளை)

வெயில் இல்லை தங்கச்சி, தண்ணீர்தான். சேஜ் மத்தியதரைக் கடலோரத்துக் கல்லும் சுண்ணாம்புமான காய்ந்த சரிவுகளில் வளர்ந்த செடி. கொழும்பிலோ வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, இரவிலும் புழுக்கம். வேர் அழுகினாலும் இலை தொங்கும், தாகம் எடுத்தாலும் தொங்கும். நாங்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுகிறோம். அடுத்த முறை கன்றைச் சட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் இறுக்கமாக இருக்கும். அழுகிய வேர் மண்ணிறமாகி, விரலால் பிடித்தால் தோல் மட்டும் கழன்று வந்து நடுவில் நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். என் முதல் மூன்று கன்றுகளும் அப்படித்தான் போயின. நட்டம் ஒருபுறம், அந்த வாசனை போனதுதான் மனதை வருத்தியது.

அப்போ எந்த மண்?

பாதிக்குப் பாதி ஆற்று மணல், மீதி தோட்ட மண்ணும் கொஞ்சம் கூட்டெருவும். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பிளாஸ்ரிக் சட்டியை விட மண்சட்டி நல்லது, பக்கத்தாலும் ஈரம் காயும். அடியில் தட்டு வைக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சோளகக் காற்றோடு மழை அடிக்கும் மாதங்களில் சட்டியைக் கூரைக்குக் கீழே, ஆனால் வெளிச்சத்தில் வையுங்கள்.

எங்கள் பிளாட்டில் காலையில் இரண்டு மணி நேர வெயில்தான். வளருமா? (கொட்டாஞ்சேனை)

வளராது என்றே சொல்லுவேன். ஆறு மணி நேரம் வேண்டும். நான்கு மணி நேரக் காலை வெயிலில் சமாளிக்கும், ஆனால் மெலிந்து நீளும். உங்கள் இடத்துக்குக் கற்பூரவள்ளி வையுங்கள். அதுவும் துளசிக் குடும்பம்தான், மணம் வேறு என்றாலும் நிழலையும் ஈரத்தையும் தாங்கும்.

விதையா, தண்டா?

தண்டு. ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைந்திருக்கும்போது, மரமாகாத இளந்தண்டை ஒரு கணுவுக்குக் கீழே 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு ஈர மணலில் நடுங்கள். நிழலில் மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி எந்த மழைக்காலத்திலும் போகலாம். அதனால் நான் எப்போதும் இரண்டு தண்டைத் தனிச் சட்டியில் வைத்திருப்பேன்.

பூங்காக்களில் சிவப்பாகப் பூக்கிற சல்வியாவும் இதுவா ஐயா?

ஐயா இல்லை, அக்கா. பேரினம் ஒன்று, செடி வேறு. அது அழகுக்கு. சமையலுக்கு உரியது சாம்பல் பச்சை நிறத்தில், மெல்லிய மயிரும் சுருக்கமுமாக இருக்கும் இலை. சியா விதையும் இந்தச் சல்வியா இனம்தான். ஆனால் இங்கே பலூடாவில் போடும் கசகசா துளசி வகையின் விதை, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கறியில் போட்டேன், ஒரு வாசனையும் தெரியவில்லை. (பம்பலப்பிட்டி)

தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் ரம்பையும் இருக்கும் சட்டியில் சேஜுக்கு இடமில்லை தம்பி. கொழுப்போடு தனியாக விடுங்கள். தாச்சியில் பட்டரை உருக்கி, இலைகளைத் துடைத்து, ஈரமில்லாமல் போடுங்கள். படபடவென்று நுரை வரும். நுரை அடங்கி இலை விறைக்கும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை. உடனே எடுங்கள், கறுத்தால் கசக்கும். அந்தப் பட்டரை அவித்த பூசணிக்காய் மேல் ஊற்றி, இலையை நொறுக்கித் தூவி, உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பூசணி தொடாத பிள்ளையும் கிண்ணத்தை வழித்தது. ஆட்டீரல் பொரிக்கும்போதும் கடைசியில் நாலு இலை போடலாம்.

அக்கா, நான் ஆறு மாதக் கர்ப்பிணி. தொண்டை நோவுக்கு சேஜ் தேத்தண்ணி குடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. சமையலில் போடும் அளவு பயமில்லை. ஆனால் சேஜில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அது கூடினால் வலிப்பு வரவும் கூடும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருந்தாகக் குடிக்கக் கூடாது. பால் கொடுப்பவர்களும் தவிர்ப்பது நல்லது, பாலைக் குறைக்கும் என்று பழங்காலத்திலிருந்தே சொல்லுவார்கள். சேஜ் எண்ணெயை யாரும் விழுங்கவே கூடாது. உங்கள் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், நோவு நீடித்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்குது.

கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது கொழும்புக் காற்றுக்குச் சரிவராது. இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி, கடதாசியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். கையில் எடுத்தால் நொறுங்கும் வரை போத்தலில் போடாதீர்கள். காய்ந்தது காரமானது. பச்சை இலை மூன்று கரண்டி போடும் இடத்தில் ஒரு கரண்டி போதும்.