கூட்டம் கூடியதே தெரியாத பாக்டீரியா

கேள்வி: கழிவுநீர் வடிகட்டும் மெம்பரேனில் பாக்டீரியா படிந்து அடைத்துக்கொள்கிறது, அதைத் தடுக்க வேறொரு பாக்டீரியாவைத் தொட்டியில் போடுகிறார்களாமே? முள்ளை முள்ளால் எடுக்கிற கதையா?

பதில்: முள் கதை இல்லை, ஏனென்றால் இங்கே யாரும் யாரையும் கொல்வதில்லை. கொல்லவும் கூடாது, அந்தத் தொட்டியில் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதே பாக்டீரியாக்கள்தான். மெம்பரேன் நுண்துளைகள் அரை மைக்ரானுக்கும் கீழே, அதனால் பாக்டீரியா உள்ளே போக முடியாமல் மேலேயே தங்கிவிடும். அது பரவாயில்லை. கூட்டம் சேர்ந்ததும் பசை போல ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் தலைவலி. அடைத்துப்போன மெம்பரேன் இழை ஒன்றைத் தொட்டுப் பாருங்கள், பாசி பிடித்த படி மாதிரி வழுக்கும். அப்புறம் பம்பு எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் வராது.

கூட்டம் சேர்ந்தது அதற்கு எப்படித் தெரியும்? பல பாக்டீரியாக்கள் ஏஹெச்எல் என்கிற சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சுற்றிலும் அதன் அளவு ஏற ஏற 'சரி, நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்' என்று பசை தயாரிப்பு முடுக்கிவிடப்படும். ரோடோகாக்கஸ் பிஹெச்4 என்ற பாக்டீரியா இந்த மூலக்கூறின் வளையத்தை லாக்டோனேஸ் என்ற நொதியால் உடைத்துவிடுகிறது. மற்றவை உயிரோடு, வேலையோடு இருக்கும், சேதி மட்டும் போய்ச் சேராது. தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். 2009இல் வெறும் நொதியை வைத்துச் சோதித்தார்கள், பிறகு இப்படிப்பட்ட நொதியைத் தயாரிக்கும் பாக்டீரியாவையே ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்) உருண்டைக்குள் அடைத்துத் தொட்டியில் விட்டார்கள். காற்றுக் குமிழில் அந்த உருண்டைகள் சுழன்று இழைகளில் மோதித் தேய்த்தும் விடும். 'அப்படியானால் தேய்ப்புதானே வேலை செய்கிறது' என்று எனக்கும் தோன்றியது. பாக்டீரியா இல்லாத வெற்று உருண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் அடைப்பைத் தள்ளிப்போட்டது, ஆனால் பாக்டீரியா உருண்டை அளவுக்கு இல்லை.

கேள்வி: அப்போ மெம்பரேனைக் குளோரின் போட்டுக் கழுவுவதிலிருந்து விடுதலையா?

பதில்: இல்லை, கழுவும் இடைவெளி நீளும், அவ்வளவுதான். மெம்பரேனை அடைக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் தலைமுடிக்கும் சேதி ஏது! தவிர எல்லா பாக்டீரியாவும் ஏஹெச்எல் பாஷை பேசுவதில்லை, கிராம்-பாசிட்டிவ் என்கிற பாக்டீரியா வகை பெரும்பாலும் பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு) வைத்துப் பேசும், பிஹெச்4இன் நொதி அதைத் தொடாது. உருண்டைகளும் நாள்பட நைந்துபோகும், மாற்றத்தான் வேண்டும்.