கார்த்திகையில் பார்த்த கிணறு

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் கணினித் துறையில் வேலை பார்க்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வேலையை விட்டுவிட்டு, எங்களுக்கு வேண்டியதை நாங்களே விளைவித்து வாழ நினைக்கிறோம். சென்ற கார்த்திகையில் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் மூன்று ஏக்கர் பார்த்தோம். கிணறு நிரம்பிக் கிடந்தது. தரகர் முன்பணத்துக்கு அவசரப்படுத்துகிறார். புதுக்கோட்டை குடியேறத் தகுந்த மாவட்டமா?

கா., அம்பத்தூர்

அன்புள்ள கா.,

முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கார்த்திகையில் அந்தப் பக்கம் கிணறு நிரம்பாமல் இருந்தால்தான் வியப்பு. நானும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில்தான் நிலம் பார்த்தேன். குனிந்தால் கை நனையும் உயரத்தில் தண்ணீர் நின்றது. பங்குனி பாதியில் எட்டிப் பார்த்தபோது அடியில் வெறும் பாறை. அதன் வெடிப்பில் ஒரு குடம் அளவுக்குத் தண்ணீர், அதன் விளிம்பில் வரிசையாகத் தேனீக்கள். விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை.

மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல முடியாது. மேற்கே அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை எல்லாம் கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் இருக்கும், பக்கத்து வயலில் கிடைத்தது உங்கள் வயலில் கிடைக்காமல் போகலாம். கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவும் தென்னையும் பூந்தோட்டமுமாகப் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்காக நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து நீர் இறைக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓர் இரவில் அந்தத் தோப்புகளைச் சாய்த்ததையும் மறந்துவிட முடியாது. தென்கிழக்கில் ஆவுடையார்கோவில் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே திறந்த தண்ணீர் கீழே வந்து சேர்ந்தால் நெல். இவற்றுக்கு இடையில் தைலமரக் காடுகள் விரிந்து கிடக்கின்றன. காட்டுக்குள் வெட்டிய வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் மறிக்கின்றன என்பது ஊர்க்காரர்களின் நெடுநாள் வருத்தம்.

ஆகவே கண்மாயிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நிலத்துக்கு மேலே எந்தக் கண்மாய், அதன் வரத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, கண்மாய் நிரம்பி மிஞ்சிய நீர் வழியும் கலிங்கு கடைசியாக எந்த ஆண்டு பாய்ந்தது? இதைத் தரகரிடம் கேட்கவேண்டாம். ஆடு மேய்க்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள், ஆண்டைச் சொல்லிவிடுவார். வாய்க்கால் வழியே ஒருமுறை நடந்தும் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ‘போர் எத்தனை அடி’ என்று கேட்பதைவிட, ‘கோடையில் மோட்டாரை எத்தனை அடிக்கு இறக்கினீர்கள்’ என்று கேளுங்கள்.

மழை குறைவு என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் பெய்கிறது. ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 4,000 லிட்டர். ஆண்டு முழுதும் 36 லட்சம் லிட்டர். உங்கள் மூன்று ஏக்கரில் மட்டும் ஒரு கோடிக்கு மேல்! சில நாட்களில் கொட்டித் தீர்த்து, இறுகிய செம்பொறை மண்மேல் வழிந்தோடிவிடுவதுதான் சிக்கல். நூறுக்கு நூறு அடியில், ஐந்தடி ஆழத்துக்கு ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால் சுமார் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரையைச் சரிவாக வெட்டுவதால் கொஞ்சம் குறையும். அந்த இடத்தில் குட்டை வெட்டத் தாழ்வான மூலை இருக்கிறதா? மூன்றடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். கடப்பாரை ‘டங்’ என்று திரும்பினால் தென்னை ஆசையை விட்டுவிடுங்கள். நிலக்கடலை, உளுந்துக்கு அந்த மண்ணே போதும். வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மண்ணை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள்.

பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: ‘கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பங்கு’. அப்படி இருந்தால் நீங்கள் மயங்கிய அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு மற்றவர்களுடையது. முறை வைத்து நான்கு நாளுக்கு ஒருமுறைதான் இறைக்க முடியும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இலவச விவசாய இணைப்புக்குப் புதிதாகப் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் புலப்படமும் எல்லோரும் பார்ப்பவைதான், நீங்களும் பார்ப்பீர்கள். வண்டிப்பாதை பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பாதை உங்கள் அம்மாவுக்காக வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அன்னவாசலிலிருந்து தூரமும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில், இரவு பதினொரு மணிக்கு, ஆம்புலன்ஸ் உங்கள் வாசல்வரை வருமா, தார்ச்சாலையிலேயே நின்றுவிடுமா? வயல்காட்டுக்குள் தனியாக வீடு கட்டவேண்டாம். ஊருக்குள், மனிதர்களுக்கு நடுவே வீடு இருக்கட்டும்.

கிழக்குப் பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். வங்கி கொடுக்காத பணத்தை ஊர் கொடுக்கும் ஏற்பாடு அது. அங்கே போனால் முதல் ஆண்டு இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், சிறு தொகை எழுதுங்கள். நீங்களே விருந்து வைக்க நாளாகட்டும்.

வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு வாடகை வீட்டில் இருந்து, ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் நிலக்கடலை போட்டுப் பார்க்கச் சொல்வேன். பள்ளியும் அதற்குள் பழகிவிடும். இருவரில் ஒருவர் அதுவரை வேலையை விடாமல் இருப்பது நல்லது.

அதற்கும் முன்னால், பங்குனிக் கடைசியில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு அதே கிணற்றடிக்குப் போங்கள். வெயில் தணிந்தபின் வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு. கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கி, எத்தனை அடி நனைந்தது என்று எனக்கு எழுதுங்கள்.