ஃபைப்ரோஸ்கேனில் 9.4, எம்ஆர்ஐயில் 3.2: எதை நம்புவது?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, எடை 84 கிலோ, ஆறு வருடமாகச் சர்க்கரை. அல்ட்ராசவுண்டில் ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்றார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஃபைப்ரோஸ்கேனில் 9.4 வந்தது. இப்போது எம்ஆர்ஐ எலாஸ்டோகிராபியில் 3.2, கொழுப்பு 14 சதவீதம். எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 70, பிளேட்லெட் 1.9 லட்சம். கல்லீரல் சரியாகிவிட்டதா, இல்லை ஸ்கேன் தப்பா? எம்ஆர்ஐயை நம்பி பயாப்சி வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. 9.4 குறைந்து 3.2 ஆகவில்லை. இரண்டு ஸ்கேனும் அளப்பது கல்லீரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை. தழும்பு கூடக்கூடக் கல்லீரல் கெட்டியாகும். இரண்டு ரிப்போர்ட்டும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

இரண்டிலும் கிலோபாஸ்கல் என்ற ஒரே அலகுதான் அச்சாகியிருக்கும், குழப்பம் அங்கேதான். பிளஸ் ஒன் இயற்பியலில் யங் குணகம், விறைப்புக் குணகம் என்று இரண்டு படித்திருப்போம். ஃபைப்ரோஸ்கேன் தருவது முதலாவதை, எம்ஆர்ஐ தருவது இரண்டாவதை. கல்லீரல் போன்ற மென்மையான திசுவில் முதலாவது இரண்டாவதைப்போல் சுமார் மூன்று மடங்கு இருக்கும். 3.2-ஐ மூன்றால் பெருக்கினால் 9.6. இது தோராயக் கணக்குதான். அளப்பதற்காகக் கல்லீரலுக்குக் கொடுக்கும் அதிர்வின் வேகம்கூட இரண்டிலும் வேறு. ஆனாலும் இந்த ஒரு விஷயம் தெரியாமல் மருந்தையும் நடைப்பயிற்சியையும் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சரி, 3.2 என்றால் என்ன? எம்ஆர்ஐ எலாஸ்டோகிராபியில் 2.5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 2.9-லிருந்து 3.5 வரை பொதுவாக ஒன்றாம், இரண்டாம் நிலைத் தழும்பு. 5-ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது தழும்பு முற்றிய கடைசி நிலை, என்று நினைக்க வேண்டும். உங்கள் கணவருக்குத் தழும்பு தொடங்கியிருக்கிறது, முற்றவில்லை. வயதையும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் என்ற ரத்தப் பரிசோதனை எண்களையும் வைத்துத் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கும் 1.57 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் பயமில்லை, 2.67-க்கு மேலே என்றால் கவலை. இவர் நடுவில் இருக்கிறார். மூன்றும் ஒத்துப்போகும்போது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

எம்ஆர்ஐயை நம்பலாமா என்பது, அதனிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழுப்பை அளக்க இதைவிட நல்ல ஸ்கேன் இல்லை. கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே எண்ணாகச் சொல்லிவிடும். அல்ட்ராசவுண்டோ 20 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி கோட்டை விடும். தழும்பைக் கண்டுபிடிக்கவும் எம்ஆர்ஐ நன்றாகவே உதவும், எலாஸ்டோகிராபி சேர்த்து எடுத்திருந்தால். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எலாஸ்டோகிராபி இல்லாமல் சாதாரண வயிற்று எம்ஆர்ஐ மட்டும் எடுத்து, ‘கல்லீரல் நார்மல்’ என்ற வரியைப் பார்த்து நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. கல்லீரலின் ஓரம் மேடுபள்ளமாகி, மண்ணீரல் வீங்கிய பிறகுதான் சாதாரணப் படத்தில் சிரோசிஸ் தெரியும். ஆரம்பத் தழும்பு அதில் தெரியாது.

எலாஸ்டோகிராபி எடுத்தபோது வலது விலாவின் மேல் வட்டமான தட்டு ஒன்றை வைத்துப் பட்டையால் கட்டியிருப்பார்கள். குழாய் வழியாகக் காற்று வந்து, வினாடிக்கு 60 தடவை அதை அதிரவைக்கும். கெட்டியான கல்லீரலில் அந்த அலை வேகமாக ஓடும். அதிலிருந்துதான் இந்த எண் வருகிறது. அன்று அவர் டிபன் சாப்பிட்டுவிட்டா போனார் என்று கேளுங்கள். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து, எண் உயர்ந்து காட்டும். நாலு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். கல்லீரல் அழற்சி, பித்தநாள அடைப்பு, இதயக் கோளாறால் தேங்கும் ரத்தம், இவையும் தழும்பு இல்லாமலே எண்ணை ஏற்றும். அப்புறம் இரும்புச்சத்து. தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் கல்லீரலில் இரும்பு சேர்ந்து படமே கறுத்துவிடும், அளவு எடுக்க முடியாமல் போகலாம். அந்த இரும்பு எவ்வளவு என்று அளப்பதில் அதே எம்ஆர்ஐ கெட்டி.

கட்டியைத் தேடுவது வேறு வேலை. அதற்கு மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் அதிலும் தப்பலாம். உங்களுக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

பயாப்சிக்கு வருவோம். ஊசியில் வரும் துணுக்கு முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். எம்ஆர்ஐ அதைவிடப் பெரிய பரப்பைப் பார்க்கிறது. ஆனால் கொழுப்பு சும்மா படிந்திருக்கிறதா, செல்களை அழற்சியாக்கி வதைக்கிறதா என்பதை எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் போன்ற வேறு காரணம் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் பயாப்சியைத் தட்டாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை செய்து, மதுப்பழக்கமும் இல்லையென்றால், இந்த எண்களுக்கு இப்போதே ஊசி வேண்டாம் என்பது என் கருத்து. முடிவை உங்கள் கல்லீரல் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

இப்போதைய வேலை எடையைக் குறைப்பது. 84 கிலோவில் 6 கிலோ இறங்கினாலே கல்லீரலின் அழற்சி தணிய வாய்ப்பு உண்டு, 8 கிலோ இறங்கினால் தழும்பும் குறையலாம். ஒரு வருடம் கழித்து, முடிந்தால் அதே சென்டரில், அதே எம்ஆர்ஐ எடுங்கள். கொழுப்பு 14-லிருந்து 10-க்குக் கீழே வந்தால் நல்ல மாற்றம். 3.2 என்பது 3.0 ஆனாலோ 3.4 ஆனாலோ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது அளவையின் இயல்பான ஏற்ற இறக்கம். ஐந்தில் ஒரு பங்காவது மாறினால்தான் உண்மையான மாற்றம்.

இரண்டு ரிப்போர்ட்டின் உறை மேலும் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள்: ஒன்றில் ‘ஃபைப்ரோஸ்கேன் 9.4’, மற்றதில் ‘எம்ஆர்ஐ 3.2’. அடுத்த தடவை வேறு மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது, இது எந்த மெஷினில் வந்த எண் என்பதைத்தான்.