கண்ணீரும் பாகப் பத்திரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிருபையைப் பற்றி, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் இரக்கத்தைப் பற்றி, நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது தம்பிக்குச் சேர வேண்டியதில் கொஞ்சத்தை என் பக்கம் எழுதிக்கொண்டேன். அவனுக்கு அது பிறகுதான் தெரிந்தது. இப்போது பேச்சுவார்த்தை இல்லை. எழுப்புதல் கூட்டங்களில் எத்தனையோ தடவை முன்னால் போய் முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன். இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். ஒரு போதகர், “கிருபை எல்லாவற்றையும் மூடிவிட்டது, சும்மா கிளறாதீர்கள்” என்கிறார். இன்னொருவர், “உங்கள் மனந்திரும்புதல் இன்னும் ஆழமாகவில்லை, உபவாசம் இருங்கள்” என்கிறார். இன்னும் எவ்வளவு அழுதால் தேவன் மன்னிப்பார்? நிலத்தைக் கொடுக்கப் போய் தம்பி முகத்தில் அடித்தாற்போல் பேசினால் என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டேன்.

எவ்வளவு அழுதால் என்ற கேள்விக்கு விடையே கிடையாது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், அதற்கு முன் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார். ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயம் அப்போதும் தீராது. தன் வருத்தத்தின் ஆழத்தைத் தானே அளந்து பார்க்கிறவனுக்கு அது என்றைக்கும் போதாது.

பைபிளில் லூக்கா 19-ஐ இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன் சகேயு. ரோமருக்கு வரி வசூலிக்கிற கூட்டம், விதித்ததற்கு மேல் வாங்குகிறவர்கள் என்று பெயரெடுத்த கூட்டம். ஆள் குள்ளம், ஜனக்கூட்டத்தில் எதுவும் தெரியாமல் காட்டத்தி மரத்தில் ஏறுகிறான். இயேசு அந்த இடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதுவரை சகேயு வாயே திறக்கவில்லை. பாவ அறிக்கை இல்லை, கண்ணீர் இல்லை. ஊரார் முறுமுறுத்தது அதனால்தான். திருந்தின பிறகு வீட்டுக்குப் போயிருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

அதற்கு அப்புறம்தான் சகேயு எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பிக் கொடுப்பேன். இந்த நாலு எங்கிருந்து வந்தது? ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ விட்டவன் ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம், யாத்திராகமம் 22. ஆனால் தானாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு எண்ணாகமம் 5 சொல்வது, முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். சகேயுவை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்திருந்தாலே போதும். அவன் தன்னைத் திருடன் கணக்கில் வைத்துக்கொண்டான். பயந்துபோய்ப் பேரம் பேசுகிறவன் இப்படி ஏற்றிச் சொல்ல மாட்டான். ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

உங்கள் முதல் போதகர் பாதி சரி. கிருபை முந்திக்கொள்கிறது. ஆனால் அது தம்பியின் நிலத்தையும் சேர்த்து மூடிவிட்டது என்றால், ரோமர் 6-இல் பவுல், கிருபை பெருகும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்று கேட்டு, அதைத்தான் “கூடாதே” என்று வெட்டிவிடுகிறார். நாஜி ஆட்சியின் நடுவே, 1937-இல், ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் “மலிவான கிருபை” என்று சாடியதும் மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் பிரசங்கிப்பதைத்தான். இரண்டாமவர் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உபவாசம் நல்லதுதான், ஆனால் உங்கள் விஷயத்தில் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு வழியாகிவிடும்.

தேவனிடம் இத்தனை தடவை போயிருக்கிறீர்கள். தம்பி வீட்டு வாசலை மிதித்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மத்தேயு 5-இல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போ, முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன் மேல் குறை இருந்தால் என்றுகூடச் சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்கிறார். உங்களுக்குக் கூட்டத்துக்குக் கூட்டம் அது நினைவுக்கு வருகிறது. அந்த உறுத்தலைத் தேவன் இன்னும் மன்னிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் உங்களைக் கைவிடாமல் பிடித்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் நிலத்தைக் கொடுத்தால்தான் மன்னிப்பா? இல்லை, அந்தக் கணக்குக்குத் திரும்பப் போகாதீர்கள். மன்னிப்பு வாங்குவதற்காகக் கொடுத்தால் அது இன்னொரு பேரம். தம்பியுடையது தம்பிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி எப்படிப் பேசுவார் என்பது உங்கள் கையில் இல்லை. திட்டலாம், கதவைச் சாத்தலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. “தேவன் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னி” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதே எண்ணாகமம் 5-இல், வாங்கிக்கொள்ள ஆளே இல்லாமல் போனால் ஈடு ஆசாரியனுக்குப் போகட்டும் என்று இருக்கிறது. எடுத்தவனிடமே தங்கிவிட அங்கே வழியில்லை. அதனால் சமாதானம் ஆகும்வரை பத்திரத்தை நிறுத்திவைக்க வேண்டாம். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவும் அவசியமில்லை. ஒரு வக்கீலைப் பார்த்து எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்