குடம் மாதிரி குமுறியது

அன்புள்ள சார்,

உங்கள் ஆடியோ கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. மூன்று வருடம் சேர்த்த பணத்தில் ஸ்பீக்கர் வாங்கலாமென்று 2025 மே மாதம் மியூனிக்கில் நடக்கும் ஹை எண்ட் ஆடியோ கண்காட்சிக்குப் போனேன். இரண்டு நாளில் நாற்பது அறையாவது ஏறி இறங்கியிருப்பேன். எங்கே போனாலும் ஒரு பெண் குரல், ஒரு டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரியான கீழ்ச்சுருதி வாத்தியம்). லட்சம் யூரோவைத் தாண்டிய செட் ஒன்று குடம் மாதிரி குமுறியது. வீட்டுக்கு வந்து என் பழைய ஸ்பீக்கரைப் போட்டால் இதுவே தேவலை என்று பட்டது. என் காதில்தான் கோளாறா, இல்லை எல்லாம் ஏமாற்றா? 2026 ஜூனில் அதே கண்காட்சி வியன்னாவாம். செலவு செய்து போவதில் அர்த்தம் உண்டா?

க., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள க.,

உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது பெரும்பாலும் நாற்பது அறைகளை. ஸ்பீக்கர்களை இன்னும் கேட்கவே இல்லை.

சின்னக் கணக்குதான். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஐந்து மீட்டர் நீள அறையில் முன் சுவருக்கும் பின் சுவருக்கும் போய்வர பத்து மீட்டர்; 343-ஐ அதால் வகுத்தால் வரும் 34 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 34 அதிர்வுள்ள அடிமட்ட ஒலி, நடுவே வசமாகச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் அதன் மடங்குகள். நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 34 காணாமல் போகும். இடம் கிடைக்காமல் பின் சுவரில் சாய்ந்து நின்றால் எல்லாம் சேர்ந்து குமுறும். குடம் என்றீர்களே, அதுதான். வீட்டில் ஸ்பீக்கரை இரண்டு விரல் நகர்த்தி, ஒரு வாரம் கேட்டு, மறுபடி நகர்த்துவோம். கண்காட்சியில் கடை விரிப்பவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? போதாததற்கு, மியூனிக் கண்காட்சி நடந்த எம்.ஓ.சி. கட்டடத்தின் கீழ்க்கூடங்களில் இருந்தவை தற்காலிகமாக எழுப்பிய கேபின்கள். பக்கத்துக் கேபின்காரர் உங்கள் பாட்டுக்கும் சேர்த்தே தாளம் போடுவார்.

சத்தம் இன்னொரு வில்லன். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலிதான் முதலில் மங்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் கொஞ்சம் கூட்டி வைத்தவர் அறையில்தான் ஸ்பீக்கருக்கு உடம்பு இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூட சத்தமாகப் படாது, 'தெளிவாக' இருப்பதாகப் படும். இதைத் தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு என்பது என் சந்தேகம்.

சரி, அப்புறம் நான் ஏன் போகிறேன்?

நான் பென் டிரைவில் ஒரு மிருதங்கத் தனியை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். கேட்பது ஒன்றை மட்டும்தான்: தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், விழும் கும்கி, வழுக்கி ஏறும் அந்தக் கீழ்நாதம். மியூனிக்கில் ஒருமுறை பெரிய அறை ஒன்றில் போடச் சொன்னேன். பொறுப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருபது வினாடி போட்டார். கும்கி வழுக்கி ஏறவே இல்லை. 'ஊம்' என்று ஒரே இடத்தில் நின்றது, பின்னால் வந்த மிருதங்கச் சொல்லையும் விழுங்கியது. அடுத்த டெமோவுக்கு ஆள் நிற்கிறது என்றார். வெளியே வந்துவிட்டேன்.

மாடியில் ஒரு கடைக்கோடி அறை. நாலே நாற்காலி. ஸ்பீக்கரைச் செய்தவரே உட்கார்ந்திருந்தார். அதே தனியைப் போட்டார், பாதியில் நிறுத்தினார், எழுந்து வந்து என் நாற்காலியை அரை மீட்டர் முன்னால் இழுத்துப் போட்டு, இப்போது கேளுங்கள் என்றார். கும்கி ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது என்ன வாத்தியம் என்று கேட்டார். இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள் என்றேன். "எடை கூடினால் சுருதி இறங்கும், வூஃபரில், பாஸ் ஒலி தரும் ஸ்பீக்கரின் கூம்பில், நான் செய்வதும் அதுதானே!" என்று பக்கத்தில் கிடந்த கூம்பு ஒன்றை எடுத்து, விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். முக்கால் மணி நேரம் பேசியிருப்போம். அந்த ஸ்பீக்கரை நான் வாங்கவில்லை, என் வீட்டுக்கு அது பெரிது.

அதனால் போங்கள், ஆனால் வாங்கும் முடிவோடு போகாதீர்கள். நாற்பது அறை வேண்டாம், எட்டு போதும். காலையில் கதவு திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது. உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் போடும் பெண் குரலை நம்பாதீர்கள். ஒரே அறைக்கு இரண்டு தடவை போய் வேறு வேறு நாற்காலியில் உட்காருங்கள். பிடித்த பெயர் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் கடைக்காரரிடம் வாரக்கடைசிக்கு வீட்டில் வைத்துக் கேட்கத் தர முடியுமா என்று விசாரியுங்கள். பணத்தை அதற்கப்புறம் எடுக்கலாம்.

2004-இலிருந்து மியூனிக்கில் நடந்தது 2025-ஓடு முடிந்தது. 2026 ஜூன் 4 முதல் 7 வரை வியன்னாவில், ஆஸ்திரியா சென்டரில். வியாபாரிகளுக்கென்று ஒதுக்கிய நேரம் உண்டு, பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நானும் வருகிறேன். ஸ்பீக்கர் பக்கம் தேடாதீர்கள். எல்.பி. இசைத்தட்டு விற்கிற பெட்டிகளுக்கு முன்னால் குனிந்துகொண்டிருப்பேன், என் பணம் கரைவது அங்கேதான்.