சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீரில் கால் வைக்கலாமா?

கேள்வி: ஆத்தாவுக்கு 64 வயது, சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. பாதம் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்கிறார். பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, ராத்திரியில் வெந்நீரில் கல்லுப்புப் போட்டு அரைமணி நேரம் காலை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். காலையில் நாலு டம்ளர் வெந்நீர் குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். செய்யலாமா டாக்டர்?
வாசகி, தேவகோட்டை

பதில்: கால் ஊற வைக்கவே வேண்டாம்மா. குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடந்த காலுக்கு வெந்நீர் இதமாகத்தான் இருந்திருக்கும், ஆச்சி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காலுக்குச் சூடு தெரிகிறது, உங்கள் ஆத்தா காலுக்குத் தெரியுமா?

சர்க்கரை பல காலம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடும், அதிலும் பாதத்துக்குப் போகும் நரம்புதான் மிக நீளம் என்பதால் கோளாறு அங்கேதான் முதலில் தெரியும். எரிகிறதே, அப்படியானால் உணர்ச்சி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எரிகிற அதே பாதம் சூட்டை உணராமலும் இருக்கும். “தண்ணி வெதுவெதுன்னுதான் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே வருவார்கள், பார்த்தால் கணுக்கால் வரை கோடு போட்டாற்போல் சிவந்து, குதிகால் தோல் கொப்புளமாகித் தொங்கும். 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் நல்ல தோலையே சில விநாடிகளில் பொசுக்கிவிடும். சூடு குறைவாக இருந்தாலும் அரைமணி நேரம் ஊறிய தோல் வெளுத்து, பிறகு காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் கிருமி போனால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

பாதத்தைத் தினமும் கழுவுங்கள், அது அவசியம். தண்ணீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஆத்தா காலை விட்டுப் பார்க்காமல் நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். அப்புறம் விரலிடுக்கை எல்லாம் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பாதத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், இடுக்கில் வேண்டாம். உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், பிள்ளையார்பட்டிக்குப் போவதானாலும் காலையிலேயே போய்விட்டு வாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், வலிக்காது.

குடிக்கிற வெந்நீர் விஷயம் எளிது. சர்க்கரை ஏறும்போது சிறுநீர் அதிகம் போய் உடம்பு வற்றும், அதனால் தண்ணீர் குடிப்பது நல்லது. அது வெந்நீரா பானைத் தண்ணீரா என்பதில் ஒன்றும் இல்லை. சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை டம்ளர் குடித்தாலும் அது மாத்திரையின் வேலையைச் செய்யாது. தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொண்டு வெந்நீரில் குளித்தால் எனக்குப் படபடவென்று வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஏன்?
வாசகர், காரைக்குடி

பதில்: சூட்டில் தோலுக்கடியில் ரத்த ஓட்டம் கூடி, போட்ட மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும், சர்க்கரை சட்டென்று இறங்கும். குளித்து முடித்து, உடம்புச் சூடு தணிந்தபின் ஊசி போட்டு, டாக்டர் சொன்ன நேரத்தில் சாப்பிடுங்கள். மறுபடி படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அடிக்கடி வந்தால் ஊசி அளவை மாற்ற வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்.